கிளாரினெட் பயில்வோர்க்கான முதல் நூல்: தேர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பள்ளி இசைக்குழுக்களைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்கள் அவ்வப்போது நம்மிடம் எழுப்பும் வினாவொன்று உண்டு. கிளாரினெட் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு எந்தப் பயிற்சி நூலை வாங்கித் தருவது என்பதே அவ்வினா. கடைக்காரர் தம் அடுக்கில் இருப்பதை எடுத்துத் தருகிறார். முன்னர் வாசித்துப் பழகியவர் தாம் பயின்ற நூலையே பரிந்துரைக்கிறார். இசை நூல்களின் பட்டியலைப் புரட்டியவரோ ‘மாபெரும் நூல்’ எனப் பெயர்பெற்ற ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிவிடுகிறார். இவ்வினா இந்திய ஆய்வியல் துறையினரிடம் ஏன் வரவேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். கிளாரினெட் தஞ்சையின் வழியாக நம் இசை மரபிற்குள்ளும் நுழைந்து நிலைபெற்ற கருவி என்பது ஒரு காரணம். மொழியாயினும் இசையாயினும், கற்பவன் கையில் முதன்முதலாகத் தரப்படும் நூல் எவ்வாறு உருவாகிறது என்பது ஆசிரியர் அனைவரும் சிந்திக்கவேண்டிய ஒன்று என்பது மற்றொரு காரணம்.

கிளாரினெட்டுக்கான தொடக்க நூல்களின் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகப் புலனாகிறது. எல்லார்க்கும் பொதுவான கற்பவர் ஒருவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நூல் எதுவுமில்லை. ஒவ்வொரு நூலும் குறிப்பிட்ட விசையமைப்புடைய ஒரு கருவிக்காக, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் தேவைக்காக, குறிப்பிட்ட ஒரு வகுப்பறைக்காக எழுதப்பட்டது. காலப்போக்கில் அக்கருவியும் நிறுவனமும் வகுப்பறையும் மறக்கப்பட்டு நூல் மட்டும் அச்சில் தொடர்கிறது. அந்நூலோடு ஒத்துப்போக இயலாத மாணவன் தன்னிடமே குறை இருப்பதாகக் கருதிக்கொண்டு கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறான். இவ்வாறு நேர்வதைத் தவிர்க்க நூல்களின் பிறப்பை அறிந்துகொள்வது பயன்தரும் என்பதே நம் கருத்து.

கருவியின் இயல்பு

நூல்களைப் பற்றிப் பேசுமுன் கருவியின் தனித்தன்மை ஒன்றை விளக்குதல் வேண்டும். ஏனெனில் தொடக்க நூலாசிரியர் அனைவரும் எதிர்கொண்ட சிக்கல் அதிலிருந்தே தோன்றியது. புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் ஒரே விரல்நிலையை வைத்துக்கொண்டு காற்றின் அழுத்தத்தைக் கூட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். ஆகவே அக்கருவிகளைப் பயில்வோன் ஒரு ஸ்தாயிக்குரிய விரல்நிலைகளைக் கற்றுக்கொண்டால் அடுத்த ஸ்தாயியின் பெரும்பகுதி தானே கைவந்துவிடும். கிளாரினெட் அவ்வாறன்று. அதன் உட்குழாய் ஏறத்தாழ உருளை வடிவினது. ஒரு முனை ரீட் எனப்படும் நாணல் தகட்டினால் அடைபட்டது. இத்தகைய குழாய் ஸ்தாயி விட்டு ஸ்தாயி தாவாது. பன்னிரண்டாம் சுரத்திற்கே தாவும். சட்ஜத்தைப் பிடித்திருக்கும் விரல்கள், பின்புறத்துப் பெருவிரல் விசையை அழுத்தியதும், மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தரும்.

இதன் விளைவு எளியதன்று. கீழ்ப்பகுதியில் 19 சுரத்தானங்களுக்குத் தனித்தனி விரல்நிலைகள் தேவைப்படுகின்றன. அப்பகுதியின் உச்சியிலுள்ள சுரத்தை வாசிக்கும்போது பெரும்பாலான விரல்கள் துளைகளை விட்டு விலகியிருக்கும். அதற்கடுத்த சுரமோ ஏறத்தாழ எல்லா விரல்களும் ஒருசேரத் துளைகளை மூடினால்தான் பிறக்கும். ஒரு துளை மயிரிழை திறந்திருந்தாலும் கீச்சொலியே எழும். மேலைநாட்டு ஆசிரியர்கள் இவ்விடத்தை ‘முறிவு’ என்று வழங்குவர். கற்பவர் பலர் கருவியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு தொடக்க நூல் இம்முறிவை எந்தப் பக்கத்தில், எத்தகைய ஆயத்தத்தோடு அறிமுகப்படுத்துகிறது என்பதைக்கொண்டே அதனை மதிப்பிட்டுவிடலாம் எனக் கூறின் அது மிகையாகாது.

அட்டவணையிலிருந்து நூலுக்கு

கிளாரினெட்டின் தோற்றம் நியூரம்பர்க் நகரத்துக் கருவிக் கைவினைஞர் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் (1655–1707) பெயரோடு இணைக்கப்படுகிறது. அந்நகரத்துக் கலைஞர்களைப் பற்றி டோப்பல்மாயர் 1730ஆம் ஆண்டு வெளியிட்ட நூலே இதற்குச் சான்று. ஷாலுமோ என்னும் எளிய நாணற்குழலிலிருந்து வளர்ந்த இப்புதுக் கருவி முதலில் இரண்டே விசைகள் உடையதாயிருந்தது. தொலைவிலிருந்து கேட்போர்க்கு அது எக்காளம்போல் ஒலித்ததாக வால்ட்டரின் 1732ஆம் ஆண்டு இசை அகராதி குறிக்கின்றது. பெயரே ‘கிளாரினோ’ என்னும் எக்காளப் பெயரின் குறுமை வடிவந்தான். அக்காலத்தவர் இக்கருவியின் மேற்பகுதியையே பெரிதும் விரும்பினர். மோல்ட்டர் இயற்றிய கான்செர்ட்டோக்கள் பெரும்பாலும் அப்பகுதியிலேயே நடமாடுகின்றன. இன்றைய தொடக்க நூல்கள் ஏறத்தாழ அனைத்தும் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்குகின்றன. கருவி பிறந்த காலத்தில் சிறப்பாகக் கருதப்பட்ட பகுதியை இன்றைய மாணவன் பல மாதங்கள் கழித்தே அடைகிறான் என்பது எண்ணத்தக்கது.

1732ஆம் ஆண்டிலேயே மாயர் என்பவரின் இசைக் கையேட்டில் கிளாரினெட்டுக்கான விரல்நிலை அட்டவணை ஒன்று இடம்பெற்றது. எனினும் அட்டவணை வேறு, பயிற்சி நூல் வேறு. எழுத்துகளின் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து ஒருவனைப் படிக்கச் சொல்வதற்கு ஒப்பானது அது. 1764இல் பாரிசில் வெளிவந்த வாலண்டீன் ரோசரின் சிறுநூலும் கற்பவருக்காக எழுதப்பட்டதன்று; கிளாரினெட்டுக்கும் கொம்புக்கும் இசையமைப்போர் அறியவேண்டியவற்றைக் கூறுவது. இங்கிலாந்திலோ இசை வெளியீட்டாளர்கள் சில பக்கங்களே கொண்ட மலிவான கைநூல்களை விற்றனர். ஓர் அட்டவணை, ஓரிரு பக்க விளக்கம், பின்னர் அக்காலத்தில் வழங்கிய மெட்டுகளும் அணிவகுப்பு இசையும் என்ற அளவில் அவை அமைந்தன. ஆசிரியரின்றிப் பொழுதுபோக்காகப் பயில்வோரே அவற்றை வாங்கினர்.

உதடுகளை எவ்வாறு வைப்பது, நாக்கினால் சுரங்களை எவ்வாறு பிரித்தொலிப்பது, அணிகளை எவ்வாறு வாசிப்பது என்பவற்றை முறையாக விளக்கிய முதற்பெரும் நூல், ஆன்ட்வெர்ப் நகரத்தவரான அமாண்ட் வாண்டர்ஹாகன் 1785இல் பாரிசில் வெளியிட்டதாகும். கருவியைப் பற்றிய செய்திகளைத் தொகுப்பதை விடுத்துக் கற்பவனைப் பற்றிச் சிந்திக்கும் போக்கு இந்நூலிலிருந்தே வலுப்பெறுகிறது எனலாம்.

பாரிஸ் இசைக் கல்லூரியும் அதன் நூல்களும்

பிரெஞ்சுப் புரட்சி கிளாரினெட் கல்வியை மாற்றியமைத்தது. திறந்தவெளியில் நிகழ்ந்த புரட்சி விழாக்களில் வயலினால் பயனில்லை. காற்றுக்கருவிகளே கூட்டத்தின் காதில் விழும். காவற்படை இசைக்குழுவிலிருந்து வளர்ந்து 1795இல் அமைக்கப்பட்ட பாரிஸ் இசைக் கல்லூரியில் கிளாரினெட் ஆசிரியர் பலர் பணியாற்றியமைக்கு இதுவே காரணம். இக்கல்லூரி ஒவ்வொரு கருவிக்கும் தான் ஏற்பளித்த பாடநூல் ஒன்றை வெளியிட முனைந்தது. கிளாரினெட்டுக்கான நூலை எழுதும் பொறுப்பு லொசான் நகரில் பிறந்த சேவியே லெஃபெவ்ரிடம் (1763–1829) வந்தது. அவருடைய நூல் 1802இல் வெளியாயிற்று.

இந்நூலில் நாம் வியந்து நோக்குவது அதன் சொனாட்டாக்கள். படிப்படியாகக் கடினமாகும் வகையில் அமைந்த பன்னிரண்டு சொனாட்டாக்களை லெஃபெவ்ர் இதில் சேர்த்துள்ளார். ஒவ்வொன்றிற்கும் தாழ்சுரப் பகுதி உண்டு. கற்பவன் தனியாக ஊதிக்கொண்டிருக்க, ஆசிரியர் எதிரில் அமர்ந்து பிழை திருத்துவது மட்டும் இங்குக் கற்பித்தல் ஆகாது. இன்னொருவர் தாழ்சுரத்தை வாசிக்க, மாணவன் தொடக்கத்திலிருந்தே பிறரோடு சேர்ந்து இசைக்கிறான். பயிற்சியும் இசையும் வெவ்வேறல்ல என்ற கொள்கை இதில் பொதிந்துள்ளது. பின்னாளில் வந்த பல நூல்கள் பக்கம் பக்கமாகச் சுரவரிசைகளை அடுக்கி இக்கொள்கையைக் கைவிட்டமை இரங்கத்தக்கதே.

ஆயினும் லெஃபெவ்ரின் நூலை இன்றைய மாணவன் அப்படியே பின்பற்ற இயலாது. அவர் எழுதியது ஆறு விசைகள் கொண்ட கருவிக்கு. ஆறாம் விசையைச் சேர்த்தவராக அவரே கருதப்படுகிறார். மேலும் அக்காலப் பிரெஞ்சு வழக்கில் ரீட் மேலுதட்டை நோக்கி இருக்குமாறு கருவியை வாயில் வைத்தனர். இன்று நாம் காண்பதுபோல் ரீட் கீழுதட்டின்மேல் பதியும் முறை, ஜெர்மானியரான ஃப்ரெடெரிக் பெர் 1831இல் ஆசிரியப் பொறுப்பேற்ற பின்னரே அக்கல்லூரியில் இடம்பெற்றது. இத்தாலியில் பழைய முறை அதன்பின்னும் நெடுங்காலம் வழங்கியது. வாயில் கருவியை எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்னும் அடிப்படைகூட நூலுக்கு நூல், நாட்டுக்கு நாடு மாறுபட்டிருந்தது என்பதை நினைவிற்கொள்வோமானால், ‘காலங்கடந்த பாடநூல்’ என்னும் சொற்றொடரைச் சற்று எச்சரிக்கையோடு கையாளத் தோன்றும்.

நிறுவனம் புதுமையை மறுத்த நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இவான் முல்லர் என்பவர் பதின்மூன்று விசைகள் கொண்ட கிளாரினெட்டை உருவாக்கி, எல்லாச் சுருதியமைப்புகளையும் ஒரே கருவியில் வாசிக்கலாம் என்று காட்டினார். 1812இல் அதனை ஆராய்ந்த கல்லூரிக் குழு ஏற்க மறுத்தது. வெவ்வேறு நீளமுள்ள கிளாரினெட்டுகளுக்கு வெவ்வேறு ஒலிப்பண்பு உண்டு; ஒரே கருவி வந்துவிட்டால் இசையமைப்போர் அவ்வேறுபாடுகளை இழந்துவிடுவர் என்பது குழுவின் வாதம். பழமைப்பற்று என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. செவிநுட்பம் வாய்ந்தவர்கள் கூறிய காரணம் அது. எனினும் வாசிப்போர் முல்லரையே பின்பற்றினர். அவருடைய அமைப்பிலிருந்து கிளைத்து, பிரஸ்ஸல்ஸ் நகரத்து யூஜேன் ஆல்பர்ட்டின் பெயரால் வழங்கும் எளிய அமைப்பு உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. அதனைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

குலோசேயின் நூல்

இன்று கிளாரினெட் என்றதும் பலர் நினைவிற்கு வரும் நூல் இயாசென்ட் குலோசே (1808–1880) 1843இல் வெளியிட்டதாகும். கோர்ஃபூ தீவிற் பிறந்த குலோசே, பெரின் மறைவுக்குப்பின் பாரிஸ் கல்லூரியில் அவருடைய இடத்திற்கு வந்தவர். தியோபால்ட் போம் புல்லாங்குழலுக்கு வகுத்த வளைய விசைக் கருத்தை, கருவிக் கைவினைஞர் லூயி ஓகுஸ்த் புஃபேயுடன் இணைந்து கிளாரினெட்டுக்குப் பொருத்தினார். 1839இல் பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்ற இக்கருவிக்கு 1844இல் காப்புரிமை பெறப்பட்டது. இன்று உலகின் பெரும்பகுதியில் வழங்கும் ‘போம் முறை’ கிளாரினெட் இதுவே. போம் அதனை வடிவமைக்கவில்லை என்பது இதன் பெயர் மறைக்கும் செய்தி.

குலோசேயின் நூல் எழுந்த சூழலை ஆண்டுகளே காட்டுகின்றன. கருவி 1839இல் மக்கள்முன் வந்தது. நூல் 1843இல் வந்தது. புதிய கருவிக்குப் புதிய விரல்நிலைகள். பழைய கருவியில் தேர்ந்தவர்கள்கூடப் புதிதாகப் பயின்றால்தான் அதனை ஏற்றுக்கொள்வர். ஆகவே அந்நூலின் தலைப்பே அசையும் வளையங்கள் கொண்ட கிளாரினெட்டைக் கற்பிக்க உதவுவது என்று அறிவிக்கிறது. இடக்கைச் சிறுவிரலும் வலக்கைச் சிறுவிரலும் மாறிமாறிப் பயிலவேண்டிய பயிற்சிகள் அதில் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். புதிய அமைப்பின் சிறப்பு அங்கேதான் இருந்தது. கல்லூரியில் நுழைவுத் தேர்வு பெற்றுச் சேர்ந்தோர், படைப்பிரிவு இசைக்குழுவினர் ஆகியோரே அதன் முதற்பயனாளர். அவர்கள் இசைக்குறிமுறையைப் பிழையறப் படிக்கத் தெரிந்தவர்கள்; நாள்தோறும் பல மணிநேரம் பயிலக்கூடியவர்கள்; வாரந்தோறும் ஆசிரியர்முன் வாசித்துக் காட்டியவர்கள்.

இந்நூலைப் பத்து வயதுச் சிறுவன் கையில் கொடுப்பது தொல்காப்பியத்தைக் கொடுத்துத் தமிழ் கற்கச் சொல்வது போன்றதாகும். தொல்காப்பியத்தின் பெருமை இதனாற் குன்றாது. சிறுவனின் நிலைதான் இடர்ப்படும். இரண்டு மூன்று ஆண்டுகள் பயின்று, முறிவைக் கடந்து, இரு பகுதிகளிலும் தடையின்றி உலவக்கூடியவனுக்குக் குலோசே இன்றும் ஈடிணையற்ற துணையாவார். அதற்குமுன் அந்நூலை வாங்குவது பெரும்பாலும் அலமாரிக்கே பயன்படும்.

ஜெர்மனியில் கார்ல் பேர்மன் 1864க்கும் 1875க்கும் இடையில் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட நூலுக்கும் இது பொருந்தும். வெபர் 1811இல் யாருக்காக கிளாரினெட் கான்செர்ட்டோக்களை இயற்றினாரோ, அந்த ஹைன்ரிஷ் பேர்மனின் மகன் இவர். அவர் எழுதியது ஜெர்மானிய விசையமைப்புக்காக. அதன் மூன்றாம் பகுதியாகிய நாட்பயிற்சிகள் இன்றும் உலகெங்கும் உயர்நிலை மாணவரால் பயிலப்படுகின்றன.

வகுப்பறைக்குள் நுழைந்த கருவி

இருபதாம் நூற்றாண்டில் மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் படைப்பிரிவு இசைக்குழுக்களின் தேவை குறைந்தது. கருவி உற்பத்தியாளர் பள்ளிகளை நோக்கித் திரும்பினர். 1923இல் சிகாகோவில் நடந்த பள்ளி இசைக்குழுப் போட்டி அவர்தம் ஆதரவில் நிகழ்ந்ததே. அதே ஆண்டில் ஜோசப் மாடி, தாடியஸ் கிடிங்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட நூல், ஒரே அறையில் பலவகைக் கருவிகளை ஒருங்கே கற்பிக்க முடியும் என்ற துணிபில் எழுந்தது. ஓர் ஆசிரியர், முப்பது நாற்பது மாணவர். புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன் அனைத்தும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கவேண்டும். பாரிஸ் கல்லூரியின் ஆசிரியர் கனவிலும் கண்டிராத வகுப்பறை இது.

இதற்கு இணையாகத் தனிக்கருவி நூல்களும் எழுந்தன. சிகாகோவின் ரூபேங்க் நிறுவனம் 1930களில் வெளியிட்ட தொடக்கநிலை நூல், ஹெர்ஃபர்த்தின் ‘எ டியூன் எ டே’ வரிசை ஆகியவை இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. குலோசேயின் நூலைச் சிறுவருக்கேற்பச் சுருக்கி எளிமைப்படுத்திய வழித்தோன்றல்கள் இவை எனலாம். வகுப்புநூல் மரபோ 1991இல் தொடங்கிய ‘எசென்ஷியல் எலிமென்ட்ஸ்’, 1993இன் ‘ஸ்டாண்டர்ட் ஆஃப் எக்ஸலன்ஸ்’ முதலிய வரிசைகளாக வளர்ந்தது.

வகுப்புநூலின் சிக்கல் முதற்பக்கத்திலேயே தொடங்குகிறது. எல்லாக் கருவிகளும் ஒரே சுரத்தில் தொடங்கவேண்டும். ‘எசென்ஷியல் எலிமென்ட்ஸ்’ வரிசையில் அச்சுரம் எஃப். டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் அது இயல்பாக வரும் சுரம். கிளாரினெட் எழுதப்பட்டதைவிட ஒரு முழுச்சுரம் தாழ்ந்து ஒலிக்கும் கருவியாதலின், அதன் தாளில் அது ஜி என எழுதப்படும். அந்த ஜி, எந்தத் துளையையும் மூடாமல் ஒலிப்பது. விரல் எதுவும் தேவையில்லையே, எளிதன்றோ என்று தோன்றலாம். ஆனால் அந்நிலையில் கருவியைத் தாங்குபவை வலக்கைப் பெருவிரலும் வாயும் மட்டுமே. இதுவரை கருவியைப் பிடித்தறியாத சிறுவன் அது நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் பற்களை இறுகக் கடிக்கிறான். விரல்கள் துளைகளை விட்டுத் தொலைவில் விறைத்து நிற்கின்றன. அவ்விறுக்கத்தைப் பின்னர்ப் போக்குவது அரிது. தனிக்கருவி ஆசிரியர் பலரும் இடக்கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மூடும் ஈ என்ற சுரத்தில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகச் சேர்த்து டி, சி எனக் கீழிறங்குவது இக்காரணம் பற்றியே. வகுப்புநூலாசிரியர் இதனை அறியாதவர் அல்லர். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒரே நாளில் ஒரே மெட்டை வாசிக்கவேண்டும் என்ற நிபந்தனைக்கு அவர் தரும் விலை இது.

முறிவைப் பொறுத்தும் இவ்வாறே. மற்றக் கருவிகளுக்கு மேல்சுரங்கள் தேவைப்படும் பக்கம் வந்ததும் கிளாரினெட் மாணவனும், ஆயத்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முறிவைத் தாண்டியாகவேண்டும்.

இந்நிலை நம் வட்டாரத்திற்கும் புதிதன்று. சிங்கப்பூரில் 1965இல் பள்ளி இசைக்குழு இயக்கம் அரசின் முனைப்பில் தொடங்கிற்று. மலேசியாவில் பள்ளி இசைக்குழு ‘பஞ்சராகம்’ எனவே மலாய் மொழியில் வழங்கப்படுகிறது. நம் சொற்களான ‘பஞ்ச’மும் ‘ராக’மும் மலாய் வழியே டிரம்பெட்டையும் கிளாரினெட்டையும் குறிக்கலாயின என்பது மொழி ஆசிரியர்க்குச் சுவையான செய்தி. நம் தொடக்கப்பள்ளிகளில் ரெக்கார்டர் கற்றுவரும் மாணவனுக்கு ஒரு தனி இடர்ப்பாடும் உண்டு. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மூடிய நிலையை அவன் பி என்று அறிந்திருக்கிறான். கிளாரினெட் அதே நிலையை ஈ என்கிறது. வியப்பென்னவெனில், முறிவைக் கடந்து மேற்பகுதிக்குச் சென்றதும் அதே விரல்நிலை மீண்டும் பி ஆகிவிடுகிறது. இவ்வுறவை ஆசிரியர் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தால், மேற்பகுதி அச்சந்தரும் அயலிடமாக இராது. முன்பே பழகிய இடமாகிவிடும். மேலைநாட்டு நூலாசிரியர் எழுதாத இக்குறிப்பை நம் ஆசிரியர் தாமே நூலின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

நூலின்றி வளர்ந்த மரபு

இதுவரை கூறியவை அனைத்தும் அச்சுநூல் வழிப்பட்ட கல்வியைப் பற்றியவை. அத்தகைய நூலின் துணையின்றியே கிளாரினெட் வேரூன்றிய இடம் தமிழகம். இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) காலத்துத் தஞ்சை அரண்மனையில் ஐரோப்பியக் கருவிகளும் அவற்றை வாசிக்கும் குழுவும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் சதிர்க் கச்சேரியில் முகவீணைக்குரிய இடத்தைக் கிளாரினெட் பெறலாயிற்று. மகாதேவ நட்டுவனாரின் பெயர் இம்மாற்றத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் (பிறப்பு 1931) அதனைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவரை ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ எனப் பாராட்டினார். சென்னை மியூசிக் அகாதெமி 2008இல் சங்கீத கலாநிதி விருதையும், இந்திய அரசு 2022இல் பத்மஸ்ரீ விருதையும் அவருக்கு வழங்கின. வாய்ப்பாட்டும் நாகசுரமும் பயின்று வந்தவர் அவர். அவருடைய கல்வியின் ஊற்று குலோசேயின் நூல் அன்று.

இம்மரபில் முதல் நூலின் இடத்தை வகிப்பது சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு போற்றும் அவ்வரிசை மாயாமாளவகௌளையில் அமைந்தது. அச்சில் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே குரு வாயிலிருந்து சீடன் செவிக்குச் சென்றது. அது எந்தக் கருவிக்கும் உரியதன்று என்பதே அதன் சிறப்பு. விரலை எங்கு வைப்பது என்று அது கூறாது. எந்தச் சுரம் எங்கு நிற்கவேண்டும் என்றே கூறும். கருவியின் நுட்பத்தை ஆசிரியர் தம் கையால் காட்டுவார். மேலைநாட்டு நூல் கருவியிலிருந்து இசைக்குச் செல்கிறது; நம் மரபு இசையிலிருந்து கருவிக்கு வருகிறது என இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இரண்டையும் எளிதில் இணைத்துவிட முடியாது என்பதையும் மறைத்தலாகாது. மேலைநாட்டுத் தொடக்க நூல், விரல்கள் துளையைவிட்டுச் சட்டென எழவும் சட்டென விழவும் பழக்குகிறது. ஒரு சுரத்திற்கும் அடுத்ததற்கும் இடையில் எதுவும் ஒலிக்கலாகாது என்பது அதன் விதி. கமகமோ அவ்விடைவெளியில்தான் வாழ்கிறது. துளையைச் சிறிது சிறிதாகத் திறந்தும் உதட்டைத் தளர்த்தியும் சுரத்தை வழுக்கிச் செல்ல வேண்டும். போம் முறைக் கருவியில் விரல் அழுத்தும் வளையம் வேறொரு துளையின் மூடியையும் அசைப்பதால் இது கடினமாகிறது. நடராஜன் தம் கருவியின் விசைகளில் மாற்றங்கள் செய்துகொண்டவர் என அறியப்படுவது இதனால்தான். துருக்கியிலும் கிரேக்க நாட்டிலும் நாட்டுப்புற இசைக்கலைஞர் பழைய எளிய அமைப்பை விடாது பற்றிக்கொண்டமைக்கும் இதுவே காரணம். மேலையுலகிலும் இவ்வழுக்கல் அறியப்படாததன்று. கெர்ஷ்வின் 1924இல் இயற்றிய ‘ராப்சடி இன் ப்ளூ’ ஒரு கிளாரினெட்டின் நீண்ட வழுக்கலோடு தொடங்குகிறது. எனினும் அக்காலத்துப் பள்ளிநூல் எதுவும் அதனைக் கற்பிக்க முனையவில்லை.

சின்னசாமி முதலியார் 1893இல் சென்னையில் தொடங்கிய வெளியீட்டில் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறிமுறையில் எழுதிக் காட்டினார். இரு மரபுகளுக்கும் இடையே பாலமிடும் முயற்சி அது. உருப்படிகளை அவ்வாறு எழுதிவைக்க இயன்றது. தொடக்கநிலை மாணவனின் விரலுக்கும் உதட்டுக்கும் உரிய பாடமாக அது வளரவில்லை.

கடையில் நிற்கும் ஆசிரியர்க்கு

நூலைத் தேடுமுன் கருவியைப் பார்த்தல் வேண்டும். விரலடியில் வளையங்கள் எத்தனை உள்ளன என்று எண்ணுவதே போதுமானது. இன்றைய போம் முறைக் கருவியில் பொதுவாக ஆறு வளையங்கள் காணப்படும். பழைய ஆல்பர்ட் அமைப்பில் அவை வலக்கைப் பக்கத்தில் இரண்டு அளவிலோ இன்றியோ இருக்கும். பெற்றோரோ உறவினரோ பழைய பொருட்கடையில் மலிவாக வாங்கித் தந்த கருவி ஆல்பர்ட் அமைப்பினதாயின், இன்று கடையிலுள்ள நூல் எதனுடைய அட்டவணையும் அதற்கு முழுமையாகப் பொருந்தாது. மாணவன் நூல் கூறியவாறே விரல்களை வைத்தும் பிழையான சுரமே வருவதைக் கண்டு திகைப்பான். அந்நிலையில் குற்றம் அவனுடையதன்று.

அடுத்து, அவன் யாருடன் பயிலப்போகிறான் என்பதைக் கேட்கவேண்டும். முப்பது பேர் கொண்ட பஞ்சராகக் குழுவில் சேர்ந்தவனுக்கு வகுப்புநூல் தவிர்க்கவியலாதது. குழு முழுவதும் ஒரே நூலை வைத்திருக்கவேண்டும் என்பதில் விவாதத்திற்கு இடமில்லை. ஆயினும் கிளாரினெட் மாணவரை மட்டும் முதல் இரண்டு மூன்று வாரங்கள் பிரித்து, ஈ, டி, சி என்னும் மூன்று சுரங்களில் பழக்கியபின் குழுவில் சேர்ப்பது நூலின் முதற்பக்கக் குறையைப் பெரும்பாலும் நீக்கிவிடும். தனி ஆசிரியரிடம் பயில்வோனுக்கு இதற்கு மாறானது பொருந்தும். இடக்கையில் தொடங்கி, முறிவுக்குமுன் கீழ்ப்பகுதியை முழுமையாகப் பழக்கி, முதற்பக்கங்களிலேயே இருவர் சேர்ந்து வாசிக்கும் பாடல்களைத் தரும் நூலே அவனுக்கு வேண்டுவது. ஆசிரியரின்றித் தானே பயில எண்ணுவோர் வகுப்புநூலை வாங்குதல் கூடாது; பிறர் வாசிக்கும் பகுதிகளின்றி அதன் மெட்டுகள் பாதி உயிரோடுதான் இருக்கும்.

கர்நாடக இசையை வாசிக்கும் நோக்கத்தோடு கிளாரினெட்டை எடுப்போனுக்கும் மேலைநாட்டுத் தனிக்கருவி நூல் ஒன்றின் முதல் இருபது பக்கங்கள் பயன்படும். மூச்சு, உதட்டமைப்பு, துளைகளை முழுமையாக மூடுதல் ஆகியவற்றை இசை எதுவாயினும் கற்றேயாகவேண்டும். அவற்றை அந்நூல்கள் இருநூறு ஆண்டு அனுபவத்தோடு கூறுகின்றன. கீழ்ப்பகுதியில் ஒரு சுரத்தை நடுக்கமின்றி நீட்டி ஊத முடிந்ததும் நூலை மூடிவைத்து, தம்பூராவை மீட்டி, ஆசிரியர் பாடும் மாயாமாளவகௌளை ரிஷபத்தை எந்த விரலில், எந்த உதட்டழுத்தத்தில் பெறுவது என்று தேடத் தொடங்கலாம்.